வேண்டாம் என்றால் மறுபடி கேட்கிற ஊரிலிருந்து

பெரியம்மா,

இன்று காலையில் அம்மா அடுப்பில் சோம்புத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். தங்கையின் குழந்தைக்கு வயிறு உப்புசம். கொல்லைப்பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த எனக்கு வாசனை வந்ததும் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். விருத்தாசலத்தில் சோம்பு வாசனை வந்தால் அது பிள்ளை பெற்ற வீடு, இல்லையென்றால் பிரியாணிக் கடை. எனக்கு மட்டும் அது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறை, ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் நீங்கள். சாயங்காலம் எல்லோருக்கும் சோம்பு டீ கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, யாரோ உங்களை ஏமாற்றிவிட்டதுபோல என்னைப் பார்ப்பீர்கள்.

தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குப் புரியாது. ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாதபோது நான் உங்களிடம் தமிழில்தானே பேசிக்கொண்டிருந்தேன்? நீங்களும் உங்களிடம் இருந்த ஒரே சொல்லை, அந்த ‘நைன்’ என்பதை, சரியான இடங்களில் போட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்கள் பெயருக்கு முன்னால் ‘ஃப்ராவ்’ சேர்த்து மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். என் அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? நாக்கு மடங்கவில்லை. பெரியம்மா என்றேன். நீங்களும் திரும்பிப் பார்த்தீர்கள். அத்தோடு அது நிலைத்துவிட்டது.

நான் அங்கே வந்தது எப்படி என்று உங்களுக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். வெளிநாட்டில் ஒரு வருடம் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளத் தொண்டர்கள் வேண்டும், தங்க இடமும் சாப்பாடும் உண்டு, மொழியும் சொல்லித் தருவார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்துவிட்டேன். அம்மா தாம்தூம் என்று குதித்தாள். “சும்மா வேல செய்யறதுக்கு எதுக்குடி அவ்ளோ தூரம்? நம்மூரு பெரியாஸ்பத்திரிக்குப் போ, பாக்க ஆளில்லாம எத்தினி பேரு கெடக்கறாங்க!” செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் அப்பாதான் அவளை அடக்கினார். “மங்கலம்பேட்டையில வூட்டுக்கு ஒருத்தன் துபாய்ல இருக்கான். நம்ம வூட்ல ஒருத்தி ஜெர்மனியில இருந்துட்டு வரட்டுமே.” எனக்கு ஊருக்குச் சேவை, உலகத்துக்குச் சேவை என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை. கூடிவந்த கல்யாணம் தட்டிப்போயிருந்தது. தெருவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் பாவம் பார்த்தார்கள். கொஞ்ச காலம் கண்காணாமல் இருக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

வந்த அன்றே பட்டினி கிடந்தேன். ஞாபகம் இருக்கிறதா? மேஜையில் ரொட்டிக் கூடை ஒவ்வொரு கையாக வந்தது. பக்கத்தில் இருந்தவர் “வேண்டுமா?” என்று கேட்டார். எங்கள் ஊரில் புது வீட்டில் முதல் தடவை கேட்டதும் கை நீட்டுவது அழகில்லை. “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, மறுபடி கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கூடை போயே போய்விட்டது. பாலாடைக்கட்டித் தட்டும் அப்படியே. வயிறு கூவுகிறது, முகத்தில் சிரிப்பு மாறாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது எதிரே இருந்த நீங்கள் உங்கள் தட்டை இடது கையால் என் பக்கம் தள்ளினீர்கள். அவசரமாக வேண்டாம் என்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளினீர்கள். தட்டு என் நெஞ்சில் வந்து இடித்தது. “வேண்டுமா” என்று வாயால் கேட்க உங்களால் முடியாது, அதனால் தள்ளினீர்கள். அந்த ரொட்டியைத் தின்னும்போதே நீங்கள் எனக்குச் சொந்தமாகிவிட்டீர்கள்.

மூளையில் ரத்தம் அடைத்ததில் உங்கள் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ‘நைன்’ என்ற ஒரு சொல், அதாவது ‘இல்லை, வேண்டாம்.’ பசிக்கிறதா என்றாலும் நைன், தூங்கினீர்களா என்றாலும் நைன். சிலருக்கு இப்படி ஒரே சொல் நின்றுவிடும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வாயில் வரும் என்று பேச்சுப் பயிற்சி தர வருகிறவர் எனக்கு விளக்கினார். ஆனால் எது நிஜமான நைன், எது வழுக்கி வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதனால் சாப்பாடு, மருந்து தவிர மற்றதில் உங்கள் நைன் எல்லாவற்றையும் நிஜமென்றே வைத்துக்கொள்வது இல்லத்தின் வழக்கம். “வெளியே போகலாமா?” என்று தினமும் ஒருவர் மரியாதையாகக் கேட்பார். நைன். அவரும் மரியாதையாகப் போய்விடுவார். அப்படியே நீங்கள் வருடக்கணக்காக வாசலைத் தாண்டாமல் இருந்தீர்கள்.

எனக்கு அந்த வழக்கம் கைவரவில்லை. வேண்டாம் என்றதும் விட்டுவிட்டுப் போகிற ஊரிலா நான் பிறந்தேன்? பந்தியில் இலையை மூடப் போகிற கையைத் தள்ளிவிட்டுச் சோறு வைக்கிற ஊர். “தோட்டத்துக்குப் போலாமா பெரிம்மா?” நைன். “வெயில் நல்லா இருக்குதே?” நைன். “சும்மா, அந்த மரம் வரைக்கும்?” நீங்கள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள். பிறகு உங்கள் இடது கை குளிருக்குப் போடும் கோட்டைத் தேடியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தத் தைரியத்தில் மறுநாள் கேரட் சூப்பையும் விடாமல் நீட்டினேன். கரண்டியோடு அது என் வெள்ளைச் சட்டைக்கு வந்தது. அது நிஜமான நைன்.

தலைமைச் செவிலி என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “நடை போயிற்று, பேச்சு போயிற்று, வீடு போயிற்று. அவருக்கு மிச்சமிருக்கும் அதிகாரம் அந்த ஒரு சொல்தான். அதையும் நீ பிடுங்கிக்கொள்ளாதே” என்றார். அவர் சொன்னது நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்றிலிருந்து நானும் ஒரு தடவை கேட்டேன், நைன் வந்தது, போய்விட்டேன். தோட்டம் நின்றுபோயிற்று. நீங்கள் ஜன்னலோரம், நான் துணி மடிக்கும் மேஜையில். அந்த நாட்களில் என் அறைக்குப் போய் அழுதிருக்கிறேன் பெரியம்மா.

நாம் சிரித்ததும் உண்டு. நீங்கள் அந்த ஊரில் டவுன் பஸ் ஓட்டியவர் என்று தெரிந்ததும் எங்கள் ஊர் பஸ் வீடியோவைச் செல்போனில் காட்டினேன். சேத்தியாத்தோப்பு போகிற தனியார் பஸ் ஒன்று லாரியை முந்திக்கொண்டு எதிரே வரும் டிராக்டருக்கு நேராகப் பாய்கிறது. உங்கள் இடது கால் நாற்காலியின் மிதிப்பலகையை ஓங்கி அழுத்தியது. “நைன்! நைன்! நைன்!” என்று அந்த டிரைவரைத் திட்டினீர்கள். அது என்ன சொல் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு நாள் அம்மா வீடியோவில் வந்தாள்.

“இவங்கதான் பெரிம்மாவா? வணக்கங்க. சாப்ட்டீங்களா?”

“நைன்.”

நைன் என்றால் இல்லை என்று அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். “அய்யய்யோ, இந்நேரம் வரைக்கும் சாப்புடலையாம்டி! என்ன எடம் அது? நேரத்துக்குச் சோறு போட மாட்டாங்களா?” உங்கள் உதட்டோரத்தில் ஜாம் ஒட்டியிருந்தது. அம்மா சொன்னதை ஜெர்மனில் சொன்னேன்; நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் வந்து பார்த்தால், கோட்டை நீங்களே மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் கண்டும் காணாததுபோல் படுக்கையைச் சரிசெய்தேன். நீங்கள் என் முந்தானையை, அதாவது என் ஏப்ரனின் நுனியை, பிடித்து இழுத்தீர்கள். என் வாயைக் காட்டினீர்கள். புரியவில்லை. மறுபடி காட்டினீர்கள். கேட்கச் சொல்கிறீர்கள்! “வெளியே போலாமா?” என்றேன். நைன். விரலால் மறுபடி என் வாய். “போலாமா பெரிம்மா?” நைன். இன்னும் ஒருமுறை கேட்டேன். கோட்டை என்னிடம் நீட்டினீர்கள். கதவருகே தலைமைச் செவிலி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, இது உங்கள் இருவருக்கும் உள்ள ஏற்பாடு. மூன்றாவதும் நைன் என்றால் அதுதான் முடிவு” என்று அவரே சட்டம் போட்டுக் கொடுத்தார். உங்களுக்கு அந்தச் சட்டம் பிடித்துப்போயிற்று. கேட்கப்படுவது உங்களுக்குப் பிடித்திருந்தது. சூப்பென்றால் மூன்று தடவையும் நைன். டீ என்றால் இரண்டோடு சரி. தோட்டம் என்றால் மூன்றாவதில் கோட்டு வந்துவிடும்.

பஸ்ஸில் ஒரு சுற்று போகலாமா என்றாலும் மூன்றும் நைன்தான். வாரக்கணக்கில். உங்கள் கூட வேலை பார்த்தவர்கள் உங்களை இந்த நிலையில் பார்ப்பார்களே என்ற கூச்சம் எனக்குத் தெரிந்தது. வசந்தம் வந்த பிறகு ஒருநாள், கேட்டு முடிப்பதற்குள் கோட்டை நீட்டினீர்கள். பஸ் வந்து நின்றது. நரைத்த தாடி வைத்த டிரைவர் உங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்பலகையைத் தன் கையாலே விரித்துப் போட்டார். “இன்றைக்கு நீங்கள் உட்காருங்கள், நான் ஓட்டுகிறேன்” என்றார். “நைன்!” என்றீர்கள், ஒரு அதட்டல். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்புக்கு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். கடைசி நிறுத்தத்தில் நாம் இறங்கவே இல்லை, அதே பஸ்ஸில் திரும்பினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் உங்கள் இடது கால் அழுத்திக்கொண்டே வந்தது. நீங்கள் அழுதீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, துடைக்கவும் இல்லை.

இப்போது எங்கள் ஊர் பாலக்கரையில் ஒரு மாடி அறையில் நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறேன். எல்லாம் உங்கள் நாட்டுக்கு வரப்போகிற பிள்ளைகள். மங்கலம்பேட்டைப் பெண் ஒருத்தி போன வாரம் கேட்டாள்: “மிஸ், பேஷண்ட்டு வேணாம்ன்னா வுட்டுடணுமா, திரும்பக் கேக்கணுமா?” பரீட்சைக்கு என்ன எழுத வேண்டும் என்று சொன்னேன். பிறகு, “அங்க போனதும் எடுத்த எடுப்புல ஓடிப்போயிடாத. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு. அவங்க மொகத்தப் பாத்துட்டு இன்னொருக்கா கேக்கலாமான்னு நீயே முடிவு பண்ணு” என்றேன். சொல்லிவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளைகள் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

செய்தி மாசி மகத்தன்று வந்தது. மணிமுத்தாற்றில் கூட்டமான கூட்டம், அவரவர் தங்கள் ஆட்களை நினைத்து நீரில் நின்றுகொண்டிருந்தார்கள். தலைமைச் செவிலி செல்போனில் எழுதியிருந்தார்: தூக்கத்திலேயே, அமைதியாக. அம்மாவிடம் காட்டினேன். “நம்ம பெரிம்மாவா?” என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கோடையில் உங்களைப் பார்க்க வருவதாக இருந்தேன். இரவல் வாங்கிய குளிர்ச் சட்டைகூட வீட்டில் தயாராக இருந்தது.

நான் கிளம்பிய காலையைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. விசா முடிந்துவிட்டது, பெட்டி வாசலுக்குப் போய்விட்டது, டாக்ஸி நிற்கிறது. உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்த நாற்காலியை இடது கையால் தட்டினீர்கள். உட்கார். முடியாது பெரிம்மா, நைன் என்றேன். மறுபடி தட்டினீர்கள். விசாவைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன், என்னென்னவோ சொன்னேன், இரண்டாவது தடவையும் என் பதில் அதேதான்: நைன். மூன்றாவது தடவை உங்கள் கை மெதுவாக விழுந்தது, விழுந்த இடத்திலேயே இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் அழுதுகொண்டே நைன் என்றேன். உடனே கையை எடுத்துவிட்டீர்கள். என்னைக் குனியச் சொல்லி, ஒற்றைக் கையால் என் கோட்டுப் பித்தானை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டீர்கள். வெகுநேரம் ஆயிற்று. வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். மூன்றாவதும் நைன் என்றால் அதுதான் முடிவு என்பது உங்களுக்குச் சட்டம். நீங்கள் என் நைனுக்கு மரியாதை கொடுத்தீர்கள்.

அது நிஜமான நைன் இல்லை பெரியம்மா. விசா நிஜம், டாக்ஸி நிஜம், அது மட்டும் நிஜமில்லை. ஊரில் எத்தனையோ பேர் என்னைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், அனுசரித்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இரு என்று, என்னோடு இரு என்று, திரும்பத் திரும்பக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கேள்வியைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். நீங்கள் இன்னும் ஒரே ஒரு தடவை தட்டியிருந்தால், நான் உட்கார்ந்திருப்பேன்.