நாள் முழுக்கப் பறப்பது

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருமலைப் பற்றி இரண்டு கடிதமாக நீ ஒன்றுமே எழுதவில்லை. மலைமேல் உன் தீக்காவல் கோபுரத்தில் போன் சிக்னல் கிடைக்காதது உனக்கு வசதியாகப் போய்விட்டது.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இன்னும் கேன்டீனில் சுவரோரம்தான் உட்காருகிறேன். மேலாளர் எனக்கு ‘மியூட்’ என்று பெயர் வைத்துவிட்டார். “மியூட், ரீடிங் எவ்ளோ?” என்று கேட்பார். நான் திரையைத் திருப்பிக் காட்டுவேன். கூட்டங்களில் மற்றவர்களைப் பார்த்தால், பேசுவதற்கென்றே ஒரு பாடம் படித்துவிட்டு வந்ததுபோல இருக்கிறது. நம் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பாடம் எந்த வருடத்தில் வந்தது என்று யாரைக் கேட்பது?

என்ன வேலை என்று கேட்டிருந்தாய். பேட்டரி ட்ரோன் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, இறங்கிவிடும். எங்கள் கம்பெனி செய்யும் ட்ரோனில் சின்ன ஹைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது. ஒரு மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் அந்த வாயு, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டும் சேரும்போது கரண்ட் பிறக்கிறது. புகை கிடையாது, கழிவாக வருவது தண்ணீர்தான். காலையில் ஏற்றினால் சாயங்காலம் வரை மேலேயே நிற்க வேண்டும். அந்தச் சவ்வைக் கவனிப்பதுதான் என் வேலை.

ஒரு செய்தி. காட்டுத்தீயைக் கண்டுபிடிக்க வனத்துறை இதைச் சோதித்துப் பார்க்கப்போகிறது. சோதனை உன் மலையில்.

அன்புடன்,
குட்டி

பிப்ரவரி 14

அன்புள்ள குட்டிக்கு,

இருமல் நன்றாக இருக்கிறது. நான்தான் சுமார்.

உன் ட்ரோன் வந்தது. தலைக்கு மேல் வண்டு மாதிரி சுற்றியது. ரேஷன் கொண்டுவரும் ஜீப் டிரைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “என்னப்பா, உன் தங்கச்சி பாத்து வச்சிருக்கிற மாப்பிள்ளையா?” என்றான். “ஆமா, ஆனா மத்தியானத்துக்கு மேல தாங்க மாட்டேங்குது” என்றேன். வந்த நாளெல்லாம் அப்படித்தான், வெயில் ஏறியதும் இறங்கிவிட்டது.

ரேஞ்சரும் பார்த்தார். “இது நாள் முழுக்க நின்னுச்சுன்னா டவர்ல ஆளு எதுக்கு?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இந்தக் கோடையோடு எனக்குப் பத்துக் கோடை முடிகிறது. பத்து முடித்தவனை நிரந்தரமாக்குவார்கள் என்பது உனக்குத் தெரியும். அதுவரை தினக்கூலிதான், போ என்றால் போக வேண்டியதுதான்.

நாள் முழுக்க மேலே நின்றுவிடுமா அது? எனக்காக மழுப்பாமல் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

இப்போதைக்கு நிற்காது. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

இங்கே எல்லோரும் சிலிண்டர் வால்வில் கசிவு என்கிறார்கள். நான் ரீடிங்குகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூடுபனி இருந்த ஒரு நாள் மட்டும் கூடுதல் நேரம் பறந்திருக்கிறது. அந்தச் சவ்வுக்கு ஈரம் வேண்டும். உன் மலையின் வெயில்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, கரண்ட் இறங்கிவிடுகிறது. வெளியே போகும் ஈரக்காற்றில் கொஞ்சத்தை ஒரு குழாய் வைத்து உள்ளே திருப்பிவிட்டால் போதும்.

சொன்னால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். சொல்லாவிட்டால் இந்தக் கோடை முழுக்க வால்வைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் உன் பத்துக் கோடையும் முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் புதிதா என்ன? உன் பதில் வரும்வரை யாரிடமும் பேச மாட்டேன்.

சரியாகத் தூங்கி ரொம்ப நாளாகிறது.

குட்டி

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

சொல்லாதே.

வேறு மாதிரி எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு கோடை. ஜூன் வந்ததும் நீ மைக் வைத்துச் சொல்.

இந்த வேலை மேல் எனக்கு ஏதோ ஆசை என்று நினைத்துவிடாதே. நாலு திசையும் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன். இன்னொரு வாசலில் போய் நின்று வேலை கேட்க இனித் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. நான் பேசிவிட்டேன்.

இன்று கூட்டத்துக்கு ஃபிட்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். சிலிண்டர் மாட்டுகிறவர், அப்பா இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அவரை உட்காரச் சொல்லவில்லை. “ஒரு வால்வ ஒழுங்கா மாட்டத் தெரியல. நாளையிலேர்ந்து வர வேணாம்” என்றார் மேலாளர். ஃபிட்டர் கையிலிருந்த கிரீஸ் துணியை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“வால்வ்ல ஒண்ணும் இல்ல சார். சவ்வு காயுது” என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. எழுந்து போய்ப் பலகையில் படம்கூடப் போட்டேன். “மியூட்டுக்கு இவ்ளோ பேச வருமா!” என்று மேலாளர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஃபிட்டர் மட்டும் தட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

குட்டி

பி.கு.: கவரை ஒட்டும்போது உன் கடிதம் வந்தது. படித்துவிட்டேன். இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். வேறு என்ன எழுதுவது? இதையே அனுப்புகிறேன்.

ஏப்ரல் 17

அன்புள்ள குட்டிக்கு,

நேற்று உன் ட்ரோன் விடிந்ததும் ஏறியது. இருட்டும்வரை இறங்கவில்லை.

மத்தியானம் எதிர்மலையில் நூல்போலப் புகை எழுந்தது. வயர்லெஸ்ஸில் சொன்னேன். “தெரியும்ப்பா, ட்ரோன்ல பாத்து ஆளு அனுப்பியாச்சு” என்றார்கள். பெரிதாகப் பரவுவதற்குள் அணைத்துவிட்டார்களாம். நல்ல விஷயம். நான் வயர்லெஸ்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். கோடைப் பகலில் இங்கே சாய்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மாதக் கடைசியோடு கோபுரத்தை மூடுகிறார்கள். ஜீப் டிரைவரின் மச்சான் மரக்கடை வைத்திருக்கிறாராம், காவலுக்கு ஆள் வேண்டுமாம். “சும்மா பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கு உன்னை விட்டா யாருப்பா?” என்கிறான்.

நீ செய்தது சரி. அந்த ஃபிட்டர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். கோபமும் இருக்கிறது. இல்லை என்று எழுதிப் பார்த்ததில் இரண்டு தாள் வீணானது. அதனால் கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. நீ எழுதினால் நான் பதில் போட வேண்டும், இப்போது அதற்கும் தெம்பில்லை. கோபம் தீர்ந்ததும் நானே எழுதுகிறேன். எப்போது என்று கேட்காதே.

அடுத்த கூட்டத்திலும் பேசு. என் வேலையைக் கொடுத்து வாங்கிய வாய் அது. மறுபடி மூடி வைத்துவிடாதே.

அண்ணன்