வராத மெயிலைத் தேடிப் போனபோது

என் தங்கமே,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேனாவைத் திறக்கிறேன்.

எங்கள் நூலகத்து சர்வர் தினமும் விடியலில் புத்தகப் பட்டியலைத் தானே நகல் எடுத்து வைக்கும் அல்லவா, அந்த வேலை பத்தொன்பது நாளாக ஓடவே இல்லை, யாருக்கும் தெரியவில்லை. ஓடலைன்னா ஒரு வார்த்தை சொல்ல வேணாமா அது என்று மேலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார், அது பாவம் வாயில்லாதது. அதனால் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து, வேலை தவறினால் எனக்கு மெயில் வரும்படி செய்தேன். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே இல்லாத ஒரு ஃபோல்டர் பெயரைக் கொடுத்து ஓட்டினேன், வேலை தவறியது, மெயில் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் எதிர்க் கட்டடமே கரைந்து போயிருந்தது, சர்வரின் இரைச்சல் தூரத்து மழை மாதிரி, எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து காத்திருந்தேன். பக்கத்து மேசைக்காரி, தும்மல் என்று கூப்பிடுவோமே அவள்தான், அக்கா ஸ்பேம்ல பாருங்க என்றாள். பார்த்தேன். அங்கேதான் இருந்தது. அதற்குக் கீழே உன் மெயில்கள் மூன்று.

புது அலுவலக முகவரியிலிருந்து எழுதியிருக்கிறாய், ஸ்பேமில் தள்ளிவிட்டிருக்கிறது. அன்று நான் கோபத்தில் சொன்னதற்காக ஒன்றரை வருடமாக முகம் திருப்பிக்கொண்டாய் என்று இங்கே மருகிக் கிடந்தேன், நீயோ முதல் மெயிலிலேயே, அம்மா முழுகாம இருக்கேன், வர்றியா என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவதில் பிரசவ நாள் சொல்லியிருக்கிறாய். மூன்றாவதில், இனி கேக்க மாட்டேம்மா, போன் மட்டும் பண்ணாத, உன் குரல் கேட்டா தாங்க மாட்டேன் என்று. நீ சொன்ன நாள் போய் ஐந்து வாரம் ஆகிறது.

வீட்டுக்கு நடந்து வந்தேனா மிதந்து வந்தேனா தெரியவில்லை. பஸ் ஓட்டிவிட்டு வந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்த அப்பா, சொன்னதும் ஒற்றை ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆணா பொண்ணா என்றார். தெரியலீங்க என்றேன். சரி, ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி ஒரு ஸ்வெட்டர் வாங்கு என்றார்.

உன் முகவரி இனி ஸ்பேமுக்குப் போகாதபடி செய்துவிட்டேன். பதில் மெயிலும் போட்டேன், அது உன் பக்கம் எந்த மூலையில் விழுந்ததோ, அதனால்தான் இந்தக் காகிதம். வரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை கண்ணே. இருவரும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம், இருபத்திரண்டாம் தேதி காலையில் உன் வாசலில் நிற்போம். நீ பேசக்கூட வேண்டாம், கதவைத் திறந்தால் போதும்.

குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு, துணி கிடக்கட்டும், நான் வந்து துவைக்கிறேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும், பெயர்கூடத் தெரியாத அந்தச் செல்லத்துக்கும் எங்கள் ஆசிகள்.

கிளம்பிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா