ஏழு தரம் பொங்கிய பால்

1974 மார்ச் 4, திங்கள்
விடியவே மழை, பிறகு புழுக்கம். விறகு ஈரம். பால் காய்வதற்குப் பிந்திவிட்டது.
நல்ல சேதிகளை எழுதி வைக்கிறேன். மூத்த மகளின் பிள்ளைகள்: அன்ரன், கிளாக் உத்தியோகச் சோதனை பாஸ். ஜெசிந்தா, நேர்ஸ் படிப்புக்கு எடுபட்டாள். ராஜன், ஞானபாடத்தில் முதற் பரிசு. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னுடைய பேரப்பிள்ளைகள்!
கடைக்குட்டி யூட், மகன் பீற்றரின் பிள்ளை. ஒன்பது மாதம், பல் இரண்டு. நிறம் பால் வெள்ளை. தாய் மலருக்குக் கண் மஞ்சளாகிச் செங்கமாரி வந்து பால் வற்றியதிலிருந்து அவன் என் கையில். கடைகளில் பால்மா இல்லை. முகத்துவாரத்தில் ஆடு வளர்க்கும் முஸ்லிம் உம்மா கொண்டுவரும் ஆட்டுப்பால்தான்.

மார்ச் 5, செவ்வாய்
எத்தனை தரம் காய்ச்சுகிறேன் என்று உம்மா கேட்டாள். விடிய மூன்று பொங்கு, பிறகு ஒவ்வொரு போத்தலுக்கும் முன் ஒரு பொங்கு. எல்லாமாக ஏழு. பிரிட்ஜ் இல்லாத வீடு. அவளுடைய ஆடுகள் தெருவில் சினிமா நோட்டீஸ் தின்கின்றன. கிருமி சாக வேண்டாமா?
"ஆடு ஒருக்காத்தான் கறக்குது. நீங்க ஏழு தரம் காச்சுறீங்க. புள்ளைக்கி என்னத்த மிச்சம் வெக்கிறீங்க?"
பகிடிக்காரி. நானும் சிரித்தேன்.
மலர் கீரை மசித்துக் கொண்டுவந்தாள். வேண்டாம், வயிற்றால் போகும் என்றேன். வற்றக் காய்ச்சிய பால் இருக்கக் கீரை எதற்கு? முகம் சுருங்கிப் போனாள்.

மார்ச் 9, சனி
பிள்ளை மந்தம். கிலுக்கை ஆட்டினாலும் திரும்பவில்லை. மலர் அவன் கீழிமையை இழுத்துக் காட்டினாள். உள்ளே வெள்ளை.
"மாமி, இது நிறமில்லை. இரத்தமில்லை."
அக்கம்பக்கம் எல்லாம் அவன் நிறத்தைச் சொல்லித் திரிந்தவள் நான். கோபம் வந்தது. இன்னும் ஒரு பொங்கு கூடக் காய்ச்சிக் கொடுத்தேன். பாதிதான் குடித்தான்.

மார்ச் 12, செவ்வாய்
ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள். காலில் ஊசி. அழக்கூடச் சத்தில்லை.
பால் யார் காய்ச்சுவது என்று டொக்டர் பெண் கேட்டார். மலர் நிலத்தைப் பார்த்தாள். நான்தான் என்றேன். ஏழு தரம் என்றும் சொன்னேன், பெருமையாகத்தான்.
அவர் பேனையை வைத்துவிட்டு விளக்கினார். இரத்தம் ஊறுவதற்கான விற்றமின் ஆட்டுப்பாலில் முதலே கொஞ்சம்தானாம். ஒரு பொங்கோடு கிருமி செத்துவிடுமாம். மேலும் மேலும் பொங்கப் பொங்க, இருந்த கொஞ்சமும் போய்விடுமாம். இந்த வயதில் கீரை, பருப்பு, முட்டை மஞ்சள் எல்லாம் கொடுத்திருக்க வேண்டுமாம்.
"நான் பெத்து, இப்பிடியே பால் காச்சிக் குடுத்து வளர்த்த அஞ்சும் நல்லாத்தானே இருக்குதுகள்?"
"அதுகளுக்குத் தாய்ப்பாலும் குடுத்தனீங்கள்தானே, அம்மா."
ஓம். கொடுத்தேன். அதை நான் யோசிக்கவே இல்லை.

மார்ச் 17, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. தவக்காலத்தில் இதுதான் முதல் தரம்.
பிள்ளைக்குத் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியால் விட்டாயிற்று. இங்கே கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வரவில்லை. மலர் நேரே வெள்ளவத்தை, தாய் வீட்டுக்கு. உடுப்பு எடுக்கப் பீற்றர் வந்தான். "கொஞ்ச நாளைக்கம்மா" என்றான்.
தொட்டிற் சீலை, போத்தல் இரண்டு, கிலுக்கு. எல்லாம் கட்டிக் கொடுத்தேன். போத்தல்களைத் திருப்பி வைத்துவிட்டான்.

மார்ச் 24, ஞாயிறு
வெள்ளவத்தைக்கு பஸ். கையில் முட்டை ஆறு. சம்பந்தி அம்மா வாசலிலேயே கதைத்தா. மரியாதையாகத்தான். பிள்ளை நித்திரையாம். உள்ளே அவன் இருமியது கேட்டது. முட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 26, செவ்வாய்
வெயில்.
மலருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று தரம் கிழித்து, நாலாவது இது:
"மகள், நான் வரமாட்டேன், பயப்படாதே. பிள்ளையைப் புதிதாக ஒரு படம் பிடித்துத் தபாலில் போடு. ஸ்ரூடியோக்காரர் கன்னத்துக்கும் உதட்டுக்கும் சிவப்பு பூசித் தருவார்கள். பூச விடாதே."