கடவுளுக்கு எதிரே ஒரு வாஷிங்மெஷின்

ஜூன் 2, திங்கள்

நூலகத்தில் எடுத்த மூன்றாவது தடிப் புத்தகத்தையும் முடித்துவிட்டேன். உலகத்து மதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லோரும் தாங்கள் சொல்வதே சரி என்கிறார்கள். அழகாக வேறு சொல்லித் தொலைக்கிறார்கள். நேற்று மாலை நான் ஒரு மதம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு மதம். இப்படியே போனால் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஆகவே முடிவு: எனக்கென்று ஒரு கடவுளை நானே தேர்ந்தெடுக்கப் போகிறேன். ஆனால் சோதித்துப் பார்த்துத்தான்.

அம்மாவிடம் சொன்னேன். "கடவுள் என்ன செருப்பா, போட்டுப் பாத்து எடுக்க?"

செருப்பையே போட்டுப் பார்த்துத்தானே எடுக்கிறோம் என்றேன். உரிக்கச் சொல்லி ஒரு கூடை வெங்காயத்தைத் தள்ளிவிட்டாள்.

அப்பா கடவுள் இல்லை என்பவர். லிஃப்ட் மெக்கானிக். ஆனால் பழுது பார்த்த லிஃப்டை முதல் தடவை கிளப்பும்போது "ஏறுடா ராசா" என்று கதவைத் தட்டிக்கொடுப்பார். நானே பார்த்திருக்கிறேன். "அத யாருகிட்டப்பா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"மோட்டார்கிட்ட."

"மோட்டாருக்குக் காது இருக்கா?"

"போய் வெங்காயத்த உரி."

ஜூன் 4, புதன்

சயின்ஸ் டீச்சர் இன்று இரண்டு தொட்டிச் செடிகள் கொண்டுவந்தார். ஒன்றுக்கு உரம் உண்டு, மற்றதற்கு இல்லை. அந்த இரண்டாவது செடி இல்லாவிட்டால் உரம் வேலை செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது! கடவுளிடம் ஒன்று கேட்டு, அது நடந்தால் அவர்தான் செய்தார் என்று எப்படிச் சொல்வது? கடவுளே இல்லாத ஒன்றிடமும் கேட்டுப் பார்த்தால்தானே தெரியும். வீட்டில் நிச்சயமாகக் கடவுள் இல்லாதது எது என்று தேடினேன். ஃப்ரிட்ஜ் மீது எனக்கு ஏற்கெனவே பாசம் உண்டு, நடுநிலை கெட்டுவிடும். எங்கள் வாஷிங்மெஷின்தான் சரி. கிழம். துணி பிழியும்போது குளியலறையில் ஒரு முழ தூரம் நடந்து போகும்.

அதன் முன்னால் கண்ணை மூடி நின்றபோது அக்கா வந்துவிட்டாள்.

"என்னடி பண்ற?"

"சோதனை."

"துணி போட்டியா?"

"இல்ல."

"அப்ப வெளிய வா. எனக்கு அவசரம்."

ஜூன் 7, சனி

இதுவரை: விளையாட்டு வகுப்பின்போது மழை வேண்டும் என்று கடவுளிடம் கேட்டேன். நல்ல வெயில். பஸ்ஸில் ஜன்னல் சீட் வேண்டும் என்று வாஷிங்மெஷினிடம் கேட்டேன். கிடைத்தது. தொலைந்த நீல சாக்ஸையும் அதனிடமே கேட்டேன். அதுவும் கிடைத்தது. ஆனால் அதற்குள்ளேயேதான் இருந்தது. இதைக் கணக்கில் சேர்க்கலாமா? திருடியவரே திருப்பிக் கொடுத்தால் அருளா?

ஜூன் 10, செவ்வாய்

அக்காவுக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது.

அக்கா பல் செட் செய்கிறவள். இங்கே ஒரு சின்ன லேபில் வேலை. எங்கள் அறை ஜன்னலோரம் முழுக்க யார் யாருடைய தாடைகளோ வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். இப்போது கூப்பிட்டிருப்பது பெரிய லேப். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். கிடைத்தால் அங்கேயே ஹாஸ்டல்.

எனக்கு வேண்டாம். தலை பின்ன யார் இருக்கிறார்கள்? நான் படித்ததையெல்லாம் காது கொடுத்துக் கேட்க யார்? (அவள் பாதியில் தூங்கிவிடுவாள். இருந்தாலும்.) கடவுளிடம் "கிடைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் அக்கா போர்வைக்குள் "கிடைக்கணும், கிடைக்கணும்" என்று முணுமுணுக்கிறாள். ஒரே அறையிலிருந்து ஒரே ஆளுக்கு எதிரெதிராக இரண்டு மனு. அவர் என்ன செய்வார், பாவம்? அம்மாவிடம் கேட்டேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானும் வேண்டிக்கிறேன்."

"என்னன்னும்மா?"

"அத உங்கிட்ட சொல்லணுமாக்கும்?"

ஆக மூன்று.

ஜூன் 11, புதன்

வாஷிங்மெஷினிடமும் "கிடைக்கக் கூடாது" என்றே சொல்லிவைத்தேன். சோதனைக்காக இல்லை. சும்மா.

ஜூன் 13, வெள்ளி

இன்டர்வியூவுக்கு அக்கா கையால் செய்த ஒரு செட் கொண்டுபோக வேண்டும். மெழுகில் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். நாளை வார்ப்பாளாம்.

"வாயத் திற. ஈன்னு காட்டு."

என் கோரைப்பல் கோணல். பள்ளியில் கேலி செய்வார்கள். அதை அப்படியே பார்த்துச் செதுக்குகிறாள்!

"என் பல்ல ஏன்க்கா ஊருக்கெல்லாம் காட்டுற?"

"எல்லாம் நேரா இருந்தா பொய்ப் பல்லுன்னு தெரிஞ்சிடும். கொஞ்சம் கோணினாத்தான் நம்புவாங்க. மூடாத, இன்னும் ஈ."

கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் வாயை மூடவில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று நடந்ததை எழுதினால்தான் மனசு அடங்கும்.

காலையில் ரயிலுக்குக் கிளம்பும் நேரம். அக்கா பெட்டியைக் கவிழ்த்துத் தேடுகிறாள், பல் செட்டைக் காணோம். "என் வெள்ளைக் கோட்டுப் பையிலதான் வெச்சேன், கோட்டு எங்கம்மா?" அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் குளியலறைக்கு ஓடினோம். கோட்டு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. கடகட கடகட என்று பல் அடிக்கிற சத்தம். கதவு பூட்டிக்கொண்டது, திறக்க வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நான்தானே சும்மா சொல்லிவைத்தேன். உடைந்தால் அக்கா போக மாட்டாள். நான் கேட்டது நடந்துகொண்டிருக்கிறது, கண் முன்னால், சோப்பு நுரையோடு.

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் ரெண்டு கையாலயும் அத அடிச்சு, "வேணாம்! நான் சொன்னது வேணாம்! அக்கா போகட்டும், விட்டுடு!"ன்னு கத்தினேன். யாருகிட்ட? தெரியல. நிஜமா தெரியல.

நின்றுவிட்டது.

(அப்பா பிளக்கைப் பிடுங்கியிருந்தார்.)

கதவு திறந்ததும் குளியலறையெல்லாம் வெள்ளம். பல் செட் முழுசாக வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. முன்னைவிட வெளுப்பு. என் நீல சாக்ஸைக் கவ்விக்கொண்டிருந்தது. அக்கா அழுகையோடே சிரித்தாள். அப்பா அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். ரயில் கிடைத்துவிட்டது.

"யாருகிட்டடி கத்தின?" என்று அம்மா தண்ணீரைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"மோட்டார்கிட்ட," என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

சோதனை பாழ். நடுவில் கேள்வியை மாற்றினால் செல்லாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நான் கேள்வியை மட்டுமா மாற்றினேன், கேட்ட ஆளையே மாற்றிவிட்டேன்.

ஆனால் ஒன்று தெரிந்தது. யோசிப்பதற்கு முன்னால் என் வாய் யாரிடமோ போய் நிற்கிறது. அந்த யாரோவை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். மூன்று புத்தகத்திலும் அவர் இல்லை. இருக்கிறாரா என்றும் தெரியாது. சந்தேகப்படுவதை நிறுத்த மாட்டேன், இதில் ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று சத்தமாகச் சொல்லிக் கொஞ்சம் காத்திருந்தேன்.

ஆட்சேபம் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அக்காவுக்குக் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். கொஞ்சம் அழுதேன், அது வேறு.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று அக்கா போய்விட்டாள். ஜன்னலோரம் துடைத்துவிட்டது போல் இருக்கிறது. தலையை நானே பின்னினேன். என் பல் மாதிரியே வந்தது.

மாலையில் போன் செய்தாள். நாளை வேலையில் முதல் நாள். பயமாக இருக்கிறதாம்.

"உன் வாஷிங்மெஷின்கிட்ட கொஞ்சம் சொல்லி வைடி."

"அது கடவுள் இல்லக்கா. அது ரெண்டாவது செடி."

"சரி, அப்ப அந்த இன்னொருத்தர்கிட்ட சொல்லு."

"அவர் இருக்காரான்னே தெரியாதே."

"பரவால்ல. சொல்லு."

போனை வைத்ததும் கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன். நேரே, சுருக்கமாக. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று குளியலறைக்கும் போய்க் கண்ணை மூடி நின்றேன்.

"துணி போட்டியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.