கேரவன் ஹீட்டரைக் கழுவிய வாரம்

ஆடி 24, சனி

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட கேரவன் போர்வைகள் இரண்டு முறை பக்கத்து வயலில் போய் விழுந்தன. மறுபடி துவைத்தேன்.

வண்டி நேற்று மாலை திரும்பியது. நவக்கிரகச் சுற்று, மலேசியாக் குடும்பம், நாலு நாள். ஏறும்போது சிரித்தவர்கள் இறங்கும்போது முகம் கொடுத்துப் பேசவில்லையாம். காரணத்தை இன்று கும்பகோணத்து ஏஜெண்ட் போனில் சொன்னார். வெந்நீர் மூன்று சொம்புக்கு மேல் வரவில்லையாம். வந்ததும் செம்மண் நிறமாம். ஹீட்டருக்குள் கடகடவென்று சத்தமாம்.

"வியாழக்கிழம கனடாலேர்ந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் வர்றாங்கம்மா. அந்தம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு. கோயிலுக்குக் கோயில் குளிக்கணும்ங்கிறாங்க, வெந்நீர் இல்லாம முடியாது. புதன்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற வண்டி போட்டுருவேன். வருத்தப்படாதீங்க."

வருத்தப்படக் கூடாதாம். அந்த வண்டிக்குத் திரை தைத்தது நான். கட்டிலுக்கு ரெக்சின் அடித்தது நான். சமையல் மேடை, கக்கூஸ், எல்லாம் கழுவுவது நான். ஊரில் கேட்டால் "செல்வராசு வண்டி". சரி, புருஷன்தானே, போகட்டும்.

திருச்சி மெக்கானிக்குக்குப் போன் போட்டார் இவர். "ஹீட்டரே போச்சு சார். புதுசுதான் போடணும். ஆவணி பொறந்துதான் வர முடியும்." வந்து பார்க்காமலே போனில் வைத்தியம்.

சாயங்காலம் ஒரத்தநாட்டிலிருந்து மூத்தார் வந்துவிட்டார். இவருடைய அண்ணனுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. கோழிக்குஞ்சு ஏற்றிப் போக வண்டி தேடுகிற ஆள் ஒருவர் இருக்கிறாராம். "நல்லா இருக்கும்போதே தள்ளி விட்டுருடா. அப்புறம் பழைய இரும்புக்காரன்தான் வருவான்." இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வியாழக்கிழம ட்ரிப்பு போகலன்னா குடுத்துடலாம்ணே" என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் காபி கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். என் வண்டியில் கோழிக்குஞ்சு. பார்த்துவிடலாம்.

ஆடி 25, ஞாயிறு

நல்ல வெயில். கறி எடுக்கவில்லை, எனக்கு மனசு இல்லை. சாம்பார்.

ஹீட்டரின் புத்தகம் கேரவன் அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் கிடைத்தது. முழுக்க இங்கிலீஷ். பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போனில் தமிழ் ஆக்கினேன். போன் பேசும் தமிழ் வேறு தமிழ். இருந்தாலும் விளங்கியது. தேங்கினதை வடிப்பதற்கு வயல்காட்டுப் பெண்ணுக்குப் பாடம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது:
– கரண்ட், காஸ், தண்ணீர் மோட்டார், மூன்றும் அணை.
– ஆறவிடு. அவசரப்பட்டால் கை வெந்துவிடும்.
– வெந்நீர்க் குழாயைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் போக்கு.
– மேல் வால்வில் காது மாதிரி நீட்டியிருக்கும் பிடியைத் தூக்கிவிடு.
– அப்புறம்தான் அடிமூடியைக் கழற்று.
– திரும்ப டாங்க் நிறையாமல் சுவிட்ச் போடாதே. உள்ளே சூடேற்றும் காயில் கருகிவிடும். (புத்தகத்தில் இது மூன்று இடத்தில். எவனோ கருக்கியிருக்கிறான்.)

வருடம் ஒரு தடவையாவது செய்ய வேண்டுமாம். வண்டி வாங்கி இரண்டரை வருடம். அந்த மெக்கானிக் ஒரு நாளாவது இந்த மூடியைத் தொட்டிருப்பானா? ஏ.சி.யைத் தட்டுவான், டீ குடிப்பான், போவான்.

இவர்: "நீ எதுக்கு அதத் தொடுற? வெடிச்சுகிடிச்சு வைக்கப்போவுது."

நான்: "வெடிச்சா குஞ்சு ஏத்த வண்டி இருக்காது. அவ்வளவுதானே."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். சாம்பார் மிச்சம். மாலையில் மூன்று சுவிட்சையும் அணைத்துவிட்டு வந்தேன்.

ஆடி 26, திங்கள்

மேகம். வேலைக்கு நல்ல நாள். ஆறரைக்கே தொடங்கினேன். நைட்டி, அதன் மேல் அவருடைய பழைய சட்டை.

குழாய் திறந்தாயிற்று. வால்வின் காதைத் தூக்கினேன், புஸ்ஸென்று காற்று. வண்டியின் வெளிப்பக்கம் சின்னக் கதவு, அதற்குள் அடிமூடி. அசையவே இல்லை. ஸ்பேனரின் காம்பில் ஒரு முழ இரும்புக் குழாயைச் செருகி, காலை டயரில் ஊன்றி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் டக்கென்று விட்டது. அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுதி வைக்கவே நோட்டை எடுத்தேன்.

ஆனால் தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. விரலை விட்டுப் பார்த்தேன். சேறு. தோண்டத் தோண்ட வந்தது. உப்புப் படிந்தால் வெள்ளையாக இருக்கும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. இது செம்பழுப்பு, மாவு மாதிரி வழவழ. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நடவு வயலில் நிற்கிற கால் இது. என்ன மண் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆற்று வண்டல்.

எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் வண்டல் கிடையாது. வண்டிக்கு அந்தத் தண்ணீரைத்தான் பிடிக்கிறோம். பிறகு எப்படி?

இவரைக் கூப்பிட்டேன். உள்ளங்கையை நீட்டினேன். பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பெருக்கன்னைக்கி திருவையாறு போனேன்ல."

"ஆமா, சாமி கும்பிட."

"புதுத்தண்ணி பொங்கிக்கிட்டு வந்துது. மலேசியாலேர்ந்து வர்றாங்க, காவேரில குளிச்ச மாதிரி இருக்கட்டுமேன்னு படித்துறைல மோட்டார வச்சு டாங்க்க ரொப்பிட்டேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. கடசி நாள் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சண்ட போட்டுட்டாங்க."

"இந்த வருஷம் மட்டுமா?"

விரலை மடக்குகிறார். மூன்று. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஆடிப்பெருக்குக்கு ஒரு தடவை, விடாமல்.

மெக்கானிக்கைத் திட்டினார், ஹீட்டர் கம்பெனியைத் திட்டினார், வண்டியையே விற்கக் கிளம்பினார். இதை மட்டும் சொல்லவில்லை. "இத்தன நாளா வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க" என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன். எழுத வேண்டாம். உள்ளே போய்ச் சிரித்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார் மனுஷன், அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆக ஹீட்டர் கெடவில்லை. வயிறு அடைத்திருக்கிறது. அவ்வளவே.

மூடியோடு ஒரு கம்பி ஒட்டிக்கொண்டு வரும். டாங்க்கைத் துரு தின்னாமல் இருக்கத் தன்னைக் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். எங்களுடையதில் குடைக்கம்பி அளவுகூட மிச்சம் இல்லை. புதிது வேண்டும்.

மதியம் முழுக்க, தோட்டத்துக் குழாயில் மெல்லிய டியூப் மாட்டி உள்ளே பீய்ச்சினேன். பதினாலு வாளி. பதினைந்தாவது தெளிந்து வந்தது. முதுகு விட்டுப்போயிற்று. சந்தோஷம்.

ஆடி 27, செவ்வாய்

தஞ்சாவூர். கீசர் கடையில் கம்பி கிடைத்தது, ஆனால் எங்கள் மூடியின் திருகு மரையோடு சேரவில்லை. லேத் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?"

"வந்துருக்காரு. வெளில வண்டில உக்காந்துருக்காரு. கூப்புடவா? அவருக்கு இது என்னன்னு தெரியாது."

ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்புறம் மரை எத்தனை, நீளம் எத்தனை என்று என்னையே கேட்டுக் கேட்டுச் செய்து கொடுத்தார். நல்ல கை.

வாங்கியது: எலுமிச்சை உப்பு, மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப், வண்டி டாங்க்குக்கு ஒரு வடிகட்டி. வெற்றிலை.

வீட்டுக்கு வந்து, அடிவாயைத் துணி வைத்து இறுக்கி அடைத்து, எலுமிச்சை உப்பைக் கரைத்து ஹீட்டருக்குள் ஊற்றி நாலு மணி நேரம் ஊறவிட்டேன். ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்சமும் சுரண்டாமலே வந்தது. நாலு தடவை அலசல்.

ஆடி 28, புதன்

தூறல், பிறகு வெயில்.

புதுக் கம்பியோடு மூடியை மாட்டி, வால்வின் காதை இறக்கி, தண்ணீர் ஏற்றினேன். அடியில் சொட்டு. இவர் பின்னால் நிற்கிறார், வாயைத் திறக்கவில்லை. நல்லவேளை, திறந்திருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும்.

எல்லாம் வடித்துக் கழற்றிப் பார்த்தேன். டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறேன். மூடியைத் திருக, அது பிரிந்துகொண்டே போயிருக்கிறது. என் தப்புதான். சரியாகச் சுற்றி மறுபடி மாட்டினேன். தண்ணீர். சொட்டு இல்லை. காகிதம் வைத்துப் பார்த்தேன், காகிதம் காய்ந்தே இருந்தது.

வெந்நீர்க் குழாய் முதலில் துப்பியது, இருமியது, பிறகு ஒரே சீராக ஓடியது. டாங்க் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகே சுவிட்ச்.

அரை மணி. கையை வைத்தேன், வெடுக்கென்று எடுத்தேன். சூடு என்றால் சூடு. நிறம் கிடையாது, சத்தம் கிடையாது. அழுகை வந்தது, யாரும் பார்க்கவில்லை.

ஏஜெண்டுக்கு நானே போன் செய்தேன். "நாளைக்கு வண்டி வருது. நானும் வர்றேன்."

ஆடி 30, வெள்ளி

திருநள்ளாறு. நேற்றிலிருந்து வண்டியில் இருக்கிறேன்.

கனடா அம்மா பத்து நிமிடம் குளித்தார். நான் கதவுக்கு வெளியே துண்டோடு. முகம் சிவந்து, தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "முட்டி வலி இறங்கிப் போச்சும்மா. காலைலயும் இப்படியே வருமா?"

"எத்தன வாட்டி வேணும்னாலும் குளிங்க."

இவர் டீக்கடை ஓரம் நின்று அண்ணனோடு பேசுவது காதில் விழுந்தது. "இல்லண்ணே. குடுக்கறதா இல்ல. அந்த ஆளுகிட்ட சொல்லிடுங்க." மூத்தார் ஏன் என்று கேட்டிருப்பார். "அவ முடியாதுங்கிறா" என்று சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "வளர்மதி சரி பண்ணிட்டாண்ணே" என்றார்.

வடை வாங்கி வந்தார். இரண்டு எனக்கு, ஒன்று அவருக்கு.

ஆடி 31, சனி

கும்பகோணம். வெயில் கொளுத்துகிறது. காலையில் கனடாக்காரர்களை இறக்கிவிட்டாயிற்று. அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஏஜெண்ட் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். என் போன். தெரியாத நம்பர்.

"கேரவன் மெக்கானிக் நம்பருங்களா? செல்வராசு அண்ணன் குடுத்தாரு. எங்க வண்டில ரெண்டு நாளா வெந்நீரே வரல, நாளைக்கு ட்ரிப்பு இருக்கு. மெக்கானிக்க கொஞ்சம் கூப்புடுங்கம்மா."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் முன்கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்த இடத்தையே துடைக்கிறார்.

"மெக்கானிக்தான் பேசுறேன்" என்றேன். "மொதல்ல கரண்ட்ட அணைங்க."