சராசரி ஐந்து

மார்ச் 3, திங்கள்

சோதனைக்கூடத்தில் தராசு இன்று பாடாய்ப் படுத்திவிட்டது. கடைசி இலக்கம் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. கண்ணாடிக் கதவைச் சாத்தி, ஏசியை அணைத்து, மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தேன். ம்ஹூம். வழக்கம்போலப் பல தடவை எடை போட்டு, சராசரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏற்ற இறக்கத்தை ஒழிப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்!

வீட்டுக்கு வந்தால், என் மனைவி தையல் மெஷினை உறை போட்டு மூடி வைத்திருக்கிறாள். நடுக்குவாதம் வந்த பிறகும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தைத்தவள். இன்று ஒரு ரவிக்கையின் கழுத்து கோணிவிட்டதாம். "இதை வித்துடலாங்க. விளம்பரம் குடுங்க" என்றாள், காபியில் சர்க்கரை குறைகிறது என்று சொல்வதுபோல.

சரி என்றேன்.

மார்ச் 5

விளம்பரம் கொடுத்தாயிற்று. மனசே இல்லை.

மார்ச் 8, சனி

தக்காளியின் சராசரி விலையைச் செய்தித்தாளில் படித்துக் காட்டினேன். "அந்த விலைக்கு எந்தக் கடைக்காரன் தர்றான்?" என்கிறாள். வாய்க்கு மட்டும் எந்த நடுக்கமும் இல்லை, நல்லவேளை.

தினமும் சாயங்காலம், இன்றைக்கு உடம்புக்கு மொத்தத்தில் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கிறேன். இன்றும் ஐந்து. ஒரே சீராகத்தான் இருக்கிறாள். பிறகு ஏன் ரவிக்கைக் கழுத்து கோணுகிறது?

மார்ச் 12, புதன்

டாக்டரம்மாவிடம் போனோம். எப்படி இருக்கிறார் என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டு, சராசரியாக ஐந்து, பெரிய மாற்றமில்லை என்றேன். அப்படியானால் அதே மாத்திரையே தொடரட்டும் என்று அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

"டாக்டர், அஞ்சா நான் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்ல" என்றாள் இவள். "எட்டா இருப்பேன். இல்லன்னா ரெண்டா இருப்பேன்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு இவள் பக்கம் திரும்பிக்கொண்டார். எப்போது எட்டு, எப்போது இரண்டு? மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் கை பழைய கையாகிவிடுமாம். அடுத்த வேளை நெருங்க நெருங்க விரல்கள் கட்டையாகிவிடுமாம். அந்த ரவிக்கையும் அப்படிப்பட்ட நேரத்தில் தைத்ததுதான்.

"சார், நீங்க கழிச்சுட்டு வந்தீங்களே, அந்த ஏற்ற இறக்கம்தான் எனக்கு வேணும்" என்றார் டாக்டர். அதே மருந்தைச் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். இறக்கம் அடியோடு போகாது, ஆழம் குறையும் என்றார்.

பஸ்ஸில் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "மொத்தத்துலன்னுதானே கேட்டீங்க. அஞ்சுன்னா உங்க முகம் தெளியும்."

அட மடையா — இத்தனை நாளா என்னத்தடா அளந்த? கட்டின பொண்டாட்டி, தராசுக் கல்லா?

மார்ச் 15

என்மேல் கோபமா என்று இவளிடம் கேட்டேன். உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு எட்டு போதாது, பத்து வேணும் என்கிறாள்.

மார்ச் 21, வெள்ளி

புது வேளைகள் பழகிவருகின்றன. முற்பகலில் ஒரு நல்ல நேரம், மூன்று மணிக்குப் பிறகு இன்னொன்று. இடையில் கை கனத்தால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறாள். மெஷினைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மார்ச் 29, சனி

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் வந்தாள். சரியாக இறக்கத்தில் வந்து சேர்ந்தாள். இவளுக்கு நாற்காலியை விட்டு எழவே முடியவில்லை. எனக்குப் பதற்றம். எவ்வளவு குறைப்பீர்கள் என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

இவள்தான் பதில் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக. "மூணு மணிக்கு மேல வாங்கம்மா. தைச்சுக் காட்டறேன். அப்பவும் வேணும்னா பேசலாம்."

வந்தாள். இவள் உறையை உருவி எறிந்துவிட்டு, ஒரு துண்டுத் துணியில் கழுத்து வளைவு போட்டுக் காட்டினாள். இம்மி பிசகவில்லை. அந்தப் பெண் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெஷின் விலையை மறுபடி கேட்கவே இல்லை. பையிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து, எப்போது தருவீர்கள் என்றாள்.

"கை நல்லா இருக்கறப்பதான் தைப்பேன். கொஞ்சம் பொறுக்கணும்."

பொறுக்கிறாளாம். அளவெடுக்கும்போது நாடாவின் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள். நான் நூல் வாங்கக் கடைக்குப் போனேன்.