வண்டிக்குப் பம்பர் மாட்டியாகிவிட்டது

அன்பு மகள் தலேயாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், ஆடுகள் சுகம், கோழி ஒன்றுக்கு மட்டும் கால் சரியில்லை. ஜெனோவாவில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். விஷயம் வண்டுபோல முதுகு வளைந்த என் பழைய காரைப் பற்றியது. அதை நான் விற்கவில்லை, விற்கப் போவதும் இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி.

மே மாதம் கடல் தண்ணீர் ஊருக்குள் வராமல் கட்டிய அணையின் வாசலில் தூணை இடித்தேன் என்று உன் அண்ணன் ஹப்போ உனக்குச் சொல்லியிருப்பான். அவன் கதையைக் கேட்டாய், என் கதையையும் கேள். தாய் ஆடு ஒன்று குட்டியோடு சட்டென்று குறுக்கே வந்து நின்றது. ஆடா தூணா என்று வந்தபோது தூணைத் தேர்ந்தெடுத்தேன். அது கண் தெரியாதவள் செய்கிற காரியமா? முன் பம்பர் நசுங்கியது, தூண் அப்படியே நின்றது, ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று ஹப்போ ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நான் விடுவேனா? கண் டாக்டரிடம் போய் அடிவரிப் பொடி எழுத்துவரை படித்துக் காட்டிவிட்டு வந்தேன். அதைச் சொன்னால், கண்ணு சரிதாம்மா, வயசு என்ன ஆகுதுன்னு பாரு என்கிறான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு அவன். என்னிடம் தலேயாதான் விற்கச் சொல்கிறாள் என்பான், உன்னிடம் அம்மாவே சம்மதித்துவிட்டாள் என்றிருப்பான். நீயும் அதை நம்பி, நல்ல முடிவும்மா என்று போனில் சொன்னாயே, அன்று எனக்கு உன்மேலும் கோபம்தான்.

பம்பர் இரண்டையும் நானே கழற்றினேன். பின்னது நன்றாகத்தானே இருந்தது என்று கேட்காதே, முன்னது பளபளத்தால் பின்னது கிழடாகத் தெரியும். போல்ட்டெல்லாம் துருவேறிக் கெட்டித்துப் போயிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றியும் ஒன்று தலை முறிந்துதான் வந்தது. ஒடுக்கெடுத்துக் குரோம் முலாம் பூசி வாங்கி வந்து, புது போல்ட், நட், வாஷர், ரப்பர் எல்லாம் தயாராக வைத்து, போர்வையில் சுற்றி ஷெட்டில் வைத்திருந்தேன். போன சனிக்கிழமை ஹப்போ ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். தோர்பென் என்று பெயர், ஹானோவர்காரன், வண்டியை வாங்க வந்தவனாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு தேடி வந்தவனை விரட்டக் கூடாதே என்று தேநீர் ஊற்றினேன். கரண்டியை எடுத்து அதைக் கலக்கினான்! கற்கண்டு அடியில், பாலேடு மேலே என்று கலக்காமல் குடிப்பதுதானே நம் ஊர் வழக்கம், அவன் கலக்கிக் குட்டையாக்கிவிட்டான். ஹப்போ என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். வெளியூர்ப் பிள்ளை, தெரியாது என்று பொறுத்துக்கொண்டேன்.

பிறகு ஷெட்டுக்குப் போனோம். போர்வையை விலக்கிப் பம்பரைக் காட்டினேன். அவன், இதெல்லாம் நீங்களே வச்சுக்கங்கம்மா, நான் பம்பர் இல்லாமத்தான் ஓட்டுவேன், வண்டியத் தரையோட தாழ்த்திட்டா சும்மா அள்ளும் என்றான். ஹப்போ உடனே, பாத்தியாம்மா, மாட்டுற வேலையும் மிச்சம் என்றான். அதுவரை பொறுமையாகத்தான் இருந்தேன். மூக்கை அறுத்துட்டு மூஞ்சி அழகுன்னு சொல்ற ஆளுப்பா நீ, வண்டி விக்கிறதுக்கு இல்ல, வந்தது வந்துட்ட, அந்த முனையப் பிடி என்றேன். பிடித்தான், பாவம். ஒரே ஆள் மாட்டக்கூடிய சாமான் அல்ல அது, நான்கூட ஓன்னோவைத்தான் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் எதற்கு இருக்கிறார். தாங்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டைகளைப் பம்பரில் கோத்து, மட்கார்டு துளை வழியே உள்ளே விட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து போல்ட் போட வேண்டும். தோர்பென் முதல் போல்ட்டையே முறுக்கி இறுக்கப் பார்த்தான். எல்லாத்தையும் கையாலேயே ஏத்துப்பா, ஒரு பக்கத்த இறுக்கிட்டா மறுபக்கம் கோணிக்கும், நேர் பாத்துட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கலாம் என்றேன். எல்லாம் சொன்ன நானே துளையில் ரப்பர் வைக்க மறந்துவிட்டேன். முழுக்க ஏற்றிய பிறகு தோர்பென்தான் பார்த்தான். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். ஹப்போ மட்டும், இதத்தான் சொல்றேன், மறதி என்றான். போன வருஷம் கல்யாண நாள மறந்துட்டுப் பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நானாடா என்று கேட்டேன். ரப்பரை எடுத்து நீட்டினான்.

ஆனால் பின் பம்பரும் ஏறிய பிறகு ஹப்போ ஒன்று கேட்டான். ஏம்மா, இவ்வளவு பாடுபட்டு மாட்டுறியே, இதுல நீ எங்கதான் போகப் போற, ரொட்டிக் கடைக்கும் அப்பா கல்லறைக்கும்தானே என்றான். அது என்னைச் சுட்டுவிட்டது தலேயா. மறைப்பானேன், கண் கலங்கியது. சரிபார்ப்பதுபோல மட்கார்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். தோர்பென் நல்ல பையன், எதையும் பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் இரண்டு கோப்பை தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினேன், மூன்று குடிக்காமல் நம் வீட்டிலிருந்து யார் போயிருக்கிறார்கள்? ஹப்போ, என்னமோ பண்ணு என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

அவன் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. ஆத்திரம் அடங்கி யோசித்தால் நியாயமான கேள்விதான். பளபளவென்று மாட்டி ஷெட்டில் நிறுத்தவா நான் அத்தனை பிடிவாதம் பிடித்தேன்? ரொட்டிக் கடைக்கு சைக்கிள் போதும். உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அடுத்த கோடை, அடுத்த கோடை என்கிறாய். விமான டிக்கெட் அனுப்புகிறேன் என்கிறாய். இங்கே ஏற்றி அங்கே இறக்கிக்கொள்ள நான் என்ன நீ வேலை பார்க்கும் துறைமுகத்துச் சரக்கா? எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், என் காலாலும் என் வண்டியாலும் வந்து பார்க்க வேண்டும். அதனால் இந்த வடகோடிக் கடற்கரையிலிருந்து ஜெனோவாவரை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். மெக்கானிக் பிரேக்கையும் டயரையும் பார்த்துவிட்டான். ஆட்டையும் கோழியையும் ஓன்னோ பார்த்துக்கொள்வார். பகலில் மட்டும் ஓட்டுவேன், மலைப்பாதையில் லாரிக்காரன் பின்னால் நின்று ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும், அவசரம் அவனுக்குத்தான். உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை, தகவல் சொல்லி எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. ஆண்டவர் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும். மறக்காமல் உன் தெருவில் வண்டி நிறுத்த இடம் பிடித்து வை. உங்கள் ஊரில் முன்வண்டியையும் பின்வண்டியையும் பம்பரால் தள்ளித்தான் நிறுத்துவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். என் பம்பரை ஒருத்தன் தொடட்டும், பார்த்துக்கொள்கிறேன். ஹப்போவுக்கு போன் போட்டு என்னைத் தடுக்கச் சொல்ல நினைக்காதே, பயனில்லை. இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அங்கிருந்தே கிளம்புகிறேன். கடிதம் முந்துகிறதா, நான் முந்துகிறேனா பார்ப்போம்.

உன்னைக் காண வந்துகொண்டிருக்கும்
அம்மா கெஸ்கே